முதல் நாளே பத்துக்குப் பத்து

இஞ்சாருங்கோ,

உங்களுடைய பச்சைக் கோட்டைப் பழைய உடுப்புப் பெட்டிக்குள் போடலாம் என்று இன்று காலை எடுத்தேன். உள் பொக்கற்றில் ஒரு துணித்துண்டு அகப்பட்டது. துவக்கை எண்ணெய் போட்டுத் துடைக்கிற துணி. பெருஞ்சீரகம் கொஞ்சம் கருகின மாதிரி ஒரு மணம் குசினி முழுக்கப் பரவிவிட்டது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவியும் போகவில்லை. நீங்கள் போய் ஏழு கிழமை. உங்கள் தலையணையில்கூட இப்போது உங்கள் மணம் இல்லை. இந்த எண்ணெய் மட்டும் விடாப்பிடியாக இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்னம் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நிலக்கீழ் அறையில் உங்களுடைய இரும்பு அலுமாரி அப்படியே பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் இலக்கத்தைப் பெண்சாதிக்கும் சொல்லக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். நீங்களும் சொல்லவில்லை. முப்பது வருசம் என் கையால் சாப்பிட்ட மனிதர், வங்கி அட்டையின் இலக்கத்தை ஐஸ்பெட்டியில் ஒட்டிவைத்த மனிதர், இந்த ஒரு இலக்கத்தை மட்டும் கட்டிக் காத்தீர்கள். எதை என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாமோ அதைச் சொன்னீர்கள். அது வேறு கதை. அதற்குத்தான் வருகிறேன்.

போன மாதம் ஆயுதப் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பெயரில் இரண்டு துவக்குகள் பதிவில் உள்ளன, வாரிசுகளில் ஒருவர் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்படைக்க வேண்டும் என்று. வாரிசுகள் நானும் மகனும்தான். மகன் எடுப்பதென்றால் நான் கையெழுத்து வைக்க வேண்டும். அவன் அன்றைக்கே டோர்ட்முண்டிலிருந்து போன் எடுத்தான்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. அன்ட்ராக் விண்ணப்பத்தை நான் நிரப்பிக்கொண்டு வாறன். அப்பான்ர துவக்கை வெளி ஆக்கள் வைச்சிருக்கிறதே?"

அப்பாவின் மணிக்கூடு, அப்பாவின் மோதிரம் என்று சொல்வதுபோலச் சொன்னான். நீங்கள்தானே அப்படி அவனை வளர்த்தீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இந்தக் கிராமத்தில் எங்களைத் தஞ்சம் கேட்ட அசூல்காரராகக் கொண்டுவந்து இறக்கியபோது எப்படி இருந்தது என்று. ஆறு வருசம் பக்கத்து வீட்டு மனிசி எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நீங்கள் திருகாணித் தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்தீர்கள். போர்மன் குன்டர் ஒருநாள் உங்களைச் சங்கத்துக்கு வரச் சொன்னார். துவக்குச் சங்கம். இந்தப் பக்கத்தில் அது இல்லாத கிராமம் கிடையாது. வருசத்தில் ஒருநாள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ராட்டினம், பெரியவர்களுக்கு பியர், வந்தவர்களுக்கெல்லாம் காற்றுத் துவக்கால் பத்து வெடி இலவசம். மகனுக்கு அப்போது நாலு வயது. ராட்டினத்துக்கு ஆசைப்பட்டான் என்றுதான் போனோம்.

குன்டர் எப்படிப் பிடிப்பது என்று காட்ட வந்தார். நீங்கள் அவர் காட்டும் முன்பே தோளில் வைத்துவிட்டீர்கள். கன்னம் போய்ப் பொருந்தின விதத்தை நான் பார்த்தேன். வீட்டில் ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடிக்கிற மனிதர். பத்தும் நடு வட்டத்துக்குள். குன்டர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, "நட்டூர்டலென்ட்!" என்று கத்தினார். பிறவிக் கெட்டிக்காரன் என்று அர்த்தம். எல்லோரும் கை தட்டினார்கள். மகன் ராட்டினத்தில் இருந்தபடியே "என்ர பப்பா! என்ர பப்பா!" என்று துள்ளினான்.

வரும் வழியில் பெற்றோல் ஷெட்டுக்குப் பக்கத்தில் காரை ஓரம் கட்டினீர்கள். பிள்ளை பின் சீற்றில் நித்திரை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"நான் இயக்கத்தில இருந்தனான். பதினொரு மாசம். இஞ்ச அசூல் விசாரணையில இல்லையெண்டு சொன்னனான்."

எனக்கு அது பெரிய அதிர்ச்சி இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"விடியப்புறம் றோட்டில சென்றிக் காவல். வெளிச்சம் வரேல்லை. சைக்கிள் ஒண்டு வந்தது. நில்லெண்டு ரெண்டு தரம் கத்தினன், நிக்கேல்லை. நல்ல தூரம். ஒரே வெடி. கிட்டப் போய்ப் பார்த்தால் பின்னால பாண்பெட்டி, பேக்கரிப் பாண் விக்கிற ஆள். அந்தாளுக்குக் காது கேளாதெண்டு பிறகுதான் ஆக்கள் சொல்லிச்சினம்."

சொல்லிவிட்டு, "பிள்ளைக்குத் தெரியக்கூடாது" என்றீர்கள். காரை எடுத்தீர்கள். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டீர்கள். அன்றிலிருந்து நீங்கள் நன்றாக நித்திரை கொண்டீர்கள். அதற்கு முன்னம் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்த மனிதர், அன்று குறட்டை விட்டீர்கள். என்னுடைய நித்திரை அன்றைக்குப் போனதுதான்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டு மனிசி அப்பிள் கேக்கோடு வந்து மணி அடித்தாள். "உங்கள் புருசன் எவ்வளவு திறமைசாலி!" என்றாள். ஆறு வருசத்தில் முதல் வார்த்தை. நான் அந்தக் கேக்கைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

சங்கத்தில் சேரப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது சண்டை பிடித்தேன். அதை எப்படித் திரும்பத் தொட மனம் வந்தது என்று கேட்டேன். "என்ர கை இதைத் தவிர வேற ஒண்டையும் வடிவாச் செய்யேல்லை. அங்க அதுக்கு நான் ஓட வேண்டி வந்தது. இஞ்ச கை தட்டுறாங்கள்" என்றீர்கள். 

இன்னொரு நாள் சொன்னீர்கள்: "பயத்தில துவக்கு வைச்சிருக்கிறவன் இருக்கிறான், பெருமைக்கு வைச்சிருக்கிறவன் இருக்கிறான். இவங்கள் பழக்கத்தில வைச்சிருக்கிறாங்கள். பழக்கம் ஆபத்தில்லை." அதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தினம் குளிப்பாட்டுகிறேன். தகப்பன் சுட்டார், அவருடைய தகப்பன் சுட்டார், கிராமத்தைக் காக்க அந்தக் காலத்தில் தொடங்கினது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். என்னோடு வேலை செய்பவளின் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் கட்டில் பக்கத்து லாச்சியில் ஒன்று வைத்திருக்கிறாளாம். யாருக்குப் பயம் என்று கேட்டால், அந்தத் தெருவில் எல்லோரிடமும் இருக்கிறது, தன்னிடம் இல்லாவிட்டால் எப்படி என்கிறாளாம். எங்கள் ஊரில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரே ஒரு துவக்கு இருந்தது, வௌவால் கலைப்பதற்கு, லைசென்ஸோடு. பத்து வருசத்தில் வேலிக்கு வேலி இளந்தாரிகளின் கையில் வந்துவிட்டது. கெட்டவர்கள் பெருகினதாலா? இல்லை. பக்கத்து வீட்டுப் பெடியனிடம் இருந்தது, இவன் வெறுங்கையோடு நின்றால் ஆண்பிள்ளை இல்லை என்றார்கள். நீங்களும் அப்படிப் போனவர்தானே. இங்கேயும் அதே காரணத்துக்காகத்தான் போனீர்கள். ஊரோடு சேர வேண்டும், பேர் சொல்லி அழைக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு ஊரும் ஒரே விலையைத்தான் கேட்டன.

பிறகு அந்த வருசம். சங்கத்துத் திருவிழாவில் உயரக் கம்பத்தில் மரத்தால் செய்த பறவையை ஏற்றி, ஆள் மாறி ஆள் சுட்டு, யாருடைய வெடியில் கடைசித் துண்டு விழுகிறதோ அவர் அந்த வருசத்து ராசா. நீங்கள் விழுத்தினீர்கள். ராசாவுக்கு ராணி வேண்டும். நான் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் தகரக் கிரீடத்தோடு, பாண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் கிராமம் முழுக்க நடந்தேன். அன்றைக்கு ஊன்ட்றொப் கோயிலில் அம்மனுக்குத் தேர். எங்கட ஆட்கள் எல்லோரும் வடம் பிடிக்க, நான் துவக்குக்காரருக்குக் கை அசைத்தேன். உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்தது. நீங்கள் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினீர்கள். மரப்பறவை விழுந்தபோது எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் அந்தப் பார்வை விளங்கியது. அதற்காக உங்களை வெறுத்தேன் என்று இப்போது சொல்லலாம்தானே. வெறுத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

செத்த வீட்டுக்குச் சங்கத்துக்காரர் பச்சைக் கோட்டோடும் கொடியோடும் வந்தார்கள். குன்டர் பொல்லு ஊன்றிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து அழுதார். கல்லறையில் மூன்று வெடி வைத்து மரியாதை செய்ய விருப்பம் என்றார். நான் வேண்டாம் என்றேன். "எவ்வளவு பெரிய மரியாதை, ஏனக்கா மறிக்கிறியள்?" என்று உங்கள் தம்பி பெண்சாதி காதுக்குள் கடித்தாள். இத்தனை வருசத்தில் நான் அந்தச் சங்கத்துக்குச் சொன்ன ஒரே மறுப்பு அது.

நேற்றுச் சனிக்கிழமை மகன் அன்ட்ராக்கோடு வந்தான். நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தான். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

"நான் வைக்கமாட்டன் ராசா. அதுகளைத் திருப்பிக் குடுப்பம்."

"ஏனம்மா? இது டிரடிட்சியோன், பரம்பரை வழக்கம். அப்பா முதல் நாளே பத்துக்குப் பத்து அடிச்சவர். அது எங்கட ரத்தத்தில இருக்கு."

அந்த வார்த்தையை என்னால் தாங்க ஏலவில்லை. ரத்தத்தில் இருக்கிறதாம். உங்களுக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்திலேயே உடைத்தேன். "அது பிறவியில வந்தது இல்லையடா. அப்பா இயக்கத்தில இருந்தவர். அங்க பழகினது" என்றேன்.

அவன் வெட்கப்படுவான், பயப்படுவான், பேப்பரைக் கிழிப்பான் என்று நினைத்தேன். எவ்வளவு பேய்ச்சி நான். அவனுடைய கண் பளிச்சென்று மலர்ந்தது.

"அப்பா கெம்ப்ஃபரா? உண்மையாவோ? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? படம் ஏதும் இருக்கோ?"

போராளியாம். இங்கே பிறந்து, அங்கே இரண்டு தரம் விடுமுறைக்குப் போய் வந்த பிள்ளை, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். அந்த நிமிசத்தில் அவனை விட்டிருந்தால் இரண்டு துவக்கையும் பூசை அறையில் வைத்திருப்பான். ஆகவே மிச்சத்தையும் சொன்னேன். விடியப்புறம், சைக்கிள், ஒரே வெடி, பாண்பெட்டி, கேளாத காது. நீங்கள் எனக்குச் சொன்ன அதே சொற்களில் சொன்னேன், ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லும்போது எனக்கு ஒரு கெட்ட சந்தோசம் இருந்தது. உங்கள் படம் சுவரில் அவனுக்குப் பின்னால் இருந்தது.

அவன் கோப்பையைத் தொடவில்லை. தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது. அன்ட்ராக்கை எடுத்து நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். "திங்கக்கிழமை போன் பண்ணி வந்து எடுக்கச் சொல்லுறன்" என்றான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். எழும்பிக் கதவு வரைக்கும் போய் நின்றான்.

"அம்மா, அந்தப் பாண்காரற்றை பேர் என்ன?"

"தெரியாது."

"பெண்சாதி பிள்ளையள் இருந்தவையோ?"

"தெரியாது."

"நீங்கள் அப்பாட்டைக் கேக்கேல்லையோ?"

அவன் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை, இருபத்திமூன்று வருசமாக ஒருத்தி இதைக் கேட்காமல் எப்படி இருந்தாள் என்று. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவன் வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனான்.

இருபத்திமூன்று வருசம் உங்களை மனதுக்குள் வைத்துத் திட்டினேன். கை தட்டல் கேட்கும்போதெல்லாம் திட்டினேன். அந்தப் பாண்காரருக்காகத்தான் கோபப்படுகிறேன் என்று என்னையே நம்பவைத்திருந்தேன். அவருடைய பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சின்ன ஊர், பாண்காரரைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். கேட்பேன் என்று எதிர்பார்த்துக்கூட இருந்திருப்பீர்கள். இனி யாரிடம் கேட்பது?

அன்றைக்கு அந்தப் பெற்றோல் ஷெட் ஓரத்தில் நீங்கள் சொல்லி முடித்ததும் நான் ஒன்றும் கேட்காமல் இருக்கவில்லை. மகனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் நான் கேட்டது உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இது வெளியில தெரிஞ்சால் எங்கட பாஸ்போட் அன்ட்ராக்குக்கு என்னப்பா நடக்கும்?" என்று கேட்டேன்.