கம்ப்யூட்டருக்கு வெல்வெட் உறை

தையற்கடையிலிருந்து மதியம் சாப்பிட வரும் கணவர் கலீல் ரகுமானோடு ரோஷன் பேகத்துக்கு நேற்றிலிருந்து பேச்சு இல்லை. நசரத்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பும் முன், வயிற்றெரிச்சலையெல்லாம் ஒரு தாளில் கொட்டி, கம்ப்யூட்டர் திரையிலேயே ஒட்டினாள்.

"சோறும் மீன் கொழம்பும் அடுப்பு மேல கீது. சூடு பண்ணித் துன்னுங்க.

நேத்து பொண்ணு பாக்கற வீடியோ கால்ல படம் நின்னு நின்னு ஓடிச்சு, சத்தம் கரகரன்னு வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுல, பொண்ணு திக்குது, வேணாம்னுட்டாங்க. நீங்களும் அவங்க எதிர்லயே நம்ம சஹரைப் பார்த்து, 'வாயத் தொறந்து ஒழுங்காப் பேசு'ன்னு கத்துனீங்க. பெத்த அப்பனா நீங்க?

காலைல ரிப்பேர்காரரு வந்தாரு. கம்ப்யூட்டர் பொட்டி தோசைக்கல்லாட்டம் சுட்டுச்சு. ஃப்ரிட்ஜுக்கும் மிக்சிக்கும் தெச்சது பத்தாதுன்னு, இதுக்கும் ஜிப்பு வெச்ச வெல்வெட் உறைய மாட்டி, தூசு பூந்துடும், கழட்டவே கூடாதுன்னது யாரு? உள்ள இருக்கற ஃபேனுக்குக் காத்து இல்லாமத்தான் எல்லாம் திக்கிச்சாம். உறையக் கழட்டுனதும் படமும் நிக்கல, சத்தமும் கரகரக்கல.

அஞ்சு மணிக்கு சஹர் காலேஜ்லேர்ந்து வருவா. அவ எதிர்ல மாப்பிள்ளை வீட்டைக் கூப்ட்டு, தப்பு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க. வாயத் தொறந்து, ஒழுங்கா."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"உறையத் தேடாதீங்க. கரித்துணியாக் கிழிச்சு அடுப்புகிட்ட வெச்சிருக்கேன். கொழம்புச் சட்டி சுடும், அதால புடிச்சு எறக்குங்க."