கழுவுவதா, மாற்றுவதா

ஜூலை 14, திங்கள்

காலை முதல் தூறல். டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்க மலையிறங்கினோம். கடைசி வளைவில் ஜீப்புக்குப் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் மாணிக்கம் முதல் கியருக்கு மாற்றி, மண்மேட்டில் உரசி நிறுத்தினான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. ஊர்ந்தபடியே வாணியம்பாடி, ரஹீம் பாய் பட்டறை.

பிரேக் ஆயில் தீர்ந்ததால் மாணிக்கம் இன்ஜின் ஆயில் ஊற்றினானாம். "எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேம்மா."

பஞ்சு, டெட்டால் வாங்கியாயிற்று. சர்க்கரை மறந்துவிட்டது.

ஜூலை 15

மறுபடி பஸ்ஸில் பட்டறைக்குப் போனேன். பாய் பிரேக் சிலிண்டரைப் பிரித்துக் காட்டினார். ரப்பரெல்லாம் ஊறிய கொண்டைக்கடலை போல. கழுவி, புது ரப்பர் போட்டால் மாலையே எடுத்துப் போகலாம். முழுக்க மாற்றுவதென்றால் மெட்ராஸிலிருந்து சாமான் வரவேண்டும். பத்து நாள்.

"கழுவினா ஓடும்மா. ஆனா பிரேக் டியூபுக்குள்ள இன்னா ஒட்டிக்கினு இருக்குன்னு எனக்குத் தெரியாது."

உங்கள் வீட்டுப் பெண்களை அதில் ஏற்றுவீர்களா என்றேன். கையைத் துடைத்தார்.

மலையில் வெள்ளையன் மனைவி சின்னப்பாப்பாவுக்கு நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது. வலி வந்தால் ஜீப் அனுப்புவதாகச் சொன்னவள் நான்.

முழுக்க மாற்றச் சொல்லிவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் அந்த வளைவுதான் கண்ணில்.

ஜூலை 17

வெள்ளையன் வீட்டுக்கு நடந்தே போனேன். வண்டி இல்லை, இப்போதே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றேன். அவன் தாய் மறுத்தாள். "நோவு வராம அங்க போய் படுத்து இன்னா பண்றது? சாமைக்குக் களை யாரு எடுப்பா?" சின்னப்பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தலைவலி. கஞ்சி மட்டும்.

ஜூலை 21

விடிகாலை வலி. கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். தோள் மாற்றி மாற்றி, மழையில், பஸ் ரோடு வரை. கூடவே நடந்தேன். பஸ்காரர் நீள சீட்டைக் காலி செய்து கொடுத்தார்.

தாய் பிழைத்தாள். ஆண் குழந்தை. உயிர் இல்லை.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்றார் டாக்டர். குறையாகச் சொல்லவில்லை.

ஜூலை 22

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 26

வெயில். ஜீப் வந்துவிட்டது. பெடல் கல் மாதிரி நிற்கிறது என்கிறான் மாணிக்கம். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சின்னப்பாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர வெள்ளையன் வந்தான். புறப்படுமுன் சொன்னேன்: ஜீப்பை அன்றைக்கே சரிசெய்து எடுத்து வந்திருக்கலாம், பயந்து நான்தான் வேண்டாம் என்றேன்.

டயரைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

"எங்களக் கேட்டிருந்தா, அந்த வண்டியிலயே ஏத்திக்கினு போயிருப்பேம்மா."

முன்னால் உட்காரச் சொன்னேன். பின்னால் போய் ஏறிக்கொண்டான்.