நாம் மருந்து என்று சொன்னது

அம்மா,

இன்று மதியம் ஆஸ்பத்திரியில் என் அறைக்கு வந்த ஒருவர் ஓ.பி. சீட்டைத் தேடிக் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தார். வெற்றிலைப் பொட்டலம், பழைய பஸ் டிக்கெட்டுகள், மடித்த ஆதார் கார்டு, கூடவே ஓர் ஓம வாட்டர் பாட்டில். மூடி சரியாகத் திருகப்படவில்லை. அந்த வாசனை வந்ததும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கைக்குழந்தை இருக்கிற எல்லார் வீட்டிலும் இருக்கிற வாசனைதான். எனக்கு மட்டும் அது நீ வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அடுப்படிக்குள் போய், கதவை ஒருக்களித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருகிற வாசனை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எட்டாவது படிக்கும்போது ஒரு நாள், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த ஓம வாட்டர் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. நீ பிடுங்கிக்கொள்ளவில்லை. "மருந்துடி. தோள்பட்ட வலிக்கு. எடுத்த எடத்துலயே வெச்சுடு" என்றாய். அப்பா இறந்த பிறகு வீட்டில் நாம் இரண்டு பேர்தான். நீ ஆம்பூரில் ஷூ கம்பெனியில், நாள் முழுக்க ஃபோல்டிங் டேபிளில் குனிந்து, தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டுகிற வேலை செய்தாய். வலி இருந்தது உண்மை. அதற்குப் பிறகு நானும் அதை மருந்து என்றே சொல்லப் பழகினேன். அதைக் குடித்துவிட்டு வாசனை போக நிஜமான ஓமத் தண்ணீரை ஒரு வாய் குடிப்பாய். மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்குவதென்றால் மருந்துக்கு முன்பே வாங்கிவிடுவேன். உனக்கு அதை யார் வாங்கி வந்து கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் காலேஜ் போக ஆரம்பித்தபோது உனக்குக் காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸ் தட்டில் கிடுகிடுவென்று ஆடும். வயிறு எரியும். ஆஸ்பத்திரிக்குப் போனோம். நமக்கு முன்னால் ஓர் ஆள் நின்றிருந்தார். டாக்டர் அவரை, "இன்னாய்யா, பாட்டில வுடமாட்டியா? லிவரக் கழட்டிக் கையில குடுத்தாதான் அடங்குவியா?" என்று எல்லார் காதிலும் விழும்படி திட்டினார். அடுத்தது நீ. "அல்சர் மாதிரி இருக்கும்மா. காரத்தக் கம்மி பண்ணுங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க." இரண்டு கலர் மாத்திரை. அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "அந்தாளு குடுத்து வெச்சவன். நிக்க வெச்சுத் திட்டுறாங்க பாரு."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நீ சொன்னது தமாஷ் இல்லை என்று புரிய எனக்கு எவ்வளவு காலம் ஆனது.

டிகிரி கடைசி வருஷம். ஒரு சனிக்கிழமை காலை, கம்பெனி வேனில் ஏறும்போது படியில் வழுக்கி உன் கணுக்கால் உடைந்தது. பிளேட் வைக்க வேண்டும், வீக்கம் வடியட்டும் என்று வார்டில் சேர்த்தார்கள். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு சிஸ்டர் வந்தார். நீ வழக்கம்போல என் பக்கம் கையைக் காட்டினாய். "எனக்கு இன்னா தெரியும்? படிச்சவ அவதான். அவளக் கேளுங்க." பேங்கிலும் ரேஷன் கடையிலும் உனக்காகப் பேசியது நான்தான். வாயே திறக்காத பெண் என்று ஊரில் எனக்குப் பெயர். உனக்காக மட்டும் எப்படியோ குரல் வந்துவிடும்.

"சுகர்? பிரஷர்? மூச்சுத்திணறல்? இதுக்கு முன்ன ஆபரேஷன்?" என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் டிக் அடித்தார். புகை, மது என்று இரண்டு வரிகள் இருந்தன. அவற்றை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. தலையைத் தூக்காமலே இரண்டுக்கும் சேர்த்து 'இல்லை'யில் ஒரே கோடாக இழுத்தார். எதிரே ஆண்கள் வார்டில் அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்பது எனக்குக் காதில் விழுந்தது. அடுத்த வரிக்கு வந்தார்.

"வேற எதாச்சும் மருந்து டெய்லி எடுக்குறாங்களா?"

மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். சொல்லு என்றா பார்த்தாய், சொல்லாதே என்றா? எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். எனக்கு அந்த முகம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அதன் அர்த்தம்தான் தெரியவில்லை.

"இல்ல சிஸ்டர்" என்றேன்.

சனி போனது. ஞாயிறு உனக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. வலியினால் என்றார்கள். திங்கள் மதியம் ரசம் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். நீ வாயை மூடிக்கொண்டு போர்வையின் ஓரத்தைப் பிடித்தாய். விரலால் எதையோ தடவினாய். மடித்தாய். வலது கையை முஷ்டி பிடித்து டக், டக் என்று தட்டினாய். தட்டியதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த மடிப்பைப் பிடித்தாய்.

"ஏய், பசை டப்பாவ இந்தாண்ட தள்ளு. பீஸ் ஜாஸ்தி வருது. லைன் நிக்குது பாரு, சூப்பர்வைசர் வர்றான்."

"அம்மா, நான்மா" என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. உன் கண்ணுக்கு நான் அந்த டேபிளில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ. பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக இருந்த ஆம்பூர்க்காரம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "காத்து பட்டிருக்கும் பாப்பா. பேஜார் ஆவாத. ஓதி ஊதுனா சரியாப் பூடும்."

அப்போது டியூட்டியில் இருந்தவர் வேறொரு சிஸ்டர். மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி போட்டவர். அவர் உன் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்தார். பிறகு என்னைத் தண்ணீர் ஃபில்டர் பக்கம் கூட்டிப்போனார்.

"நான் கேக்குறது உங்கம்மாவக் கொற சொல்றதுக்கு இல்ல. குடிக்கிற பழக்கம் எதனா உண்டா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை.

"மருந்து" என்றேன்.

"இன்னா மருந்து?"

"ஓம வாட்டர் பாட்டில்ல ஊத்தி வெச்சிருப்பாங்க."

அவர் முகம் மாறவில்லை. "தெனமுமா?" தலையாட்டினேன். "கடைசியா எப்போ?"

"வெள்ளிக்கெழம சாயந்தரம்."

அவர் வெள்ளியிலிருந்து விரலை மடித்துக்கொண்டே வந்து, திங்களில் நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட ஓடினார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், உயிரே போகலாம், முதல் நாளே தெரிந்திருந்தால் அன்றைக்கே மருந்து ஆரம்பித்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கிய அந்த ஆளைப் பற்றி நீ சொன்னது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டு நாள் உன் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருந்தார்கள். கட்டின் உள்ளேயும் விரல்கள் மடித்துக்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் காலை கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டாய். முதலில் கேட்டது, "டார்கெட் முடிஞ்சுதா?"

காலுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாள். கண்ணாடி சிஸ்டர் உன்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒரு சின்ன அறைக்குத் தள்ளிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்று கதவைச் சாத்தினார். உனக்காகப் பேச நான் இல்லாமல் நீ ஓர் அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே அவர் குரல் கேட்டது. உன் குரல் கேட்டது. அப்புறம் நீ சிரித்தாய்.

வீட்டுக்கு வரும் ஆட்டோவில் கேட்டேன், "உள்ள இன்னாம்மா சிரிச்ச?"

"ஒண்ணுமில்ல போ."

விட்டுவிட்டேன். அந்தப் பாட்டில் பற்றி நாம் பேச ஆரம்பித்தால், நான் சிஸ்டரிடம் சொன்ன 'இல்லை'யைப் பற்றியும் பேசவேண்டி வருமே என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை நீயே தனியாகப் போனாய். என்னை வர விடவில்லை. நிஜ மாத்திரைகள் வீட்டுக்கு வந்தன. மருந்து என்ற சொல்லை ஏற்கெனவே செலவழித்துவிட்டதால், அவற்றை 'ஆஸ்பத்திரி மருந்து' என்றோம். ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "இந்த மாசம் ரெண்டு நாள் தவறிப் பழைய மருந்தத் தொட்டுட்டேன்னு சிஸ்டருகிட்ட சொன்னேன். சரி, மறுபடியும் ஆரம்பிங்கன்னுச்சு" என்றாய். என்னிடம் நீ நேராகச் சொன்னது அந்த ஒரு வரிதான். அப்போதும் நான் தலையைத் தூக்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லீரல் அதற்கு முன்பே கெட்டிருந்தது. சாவு வீட்டில் சித்தி என் தலையைத் தடவி, "எங்கக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. வெத்தலகூடப் போடமாட்டா. அவளுக்குப் போயி லிவரு எப்பிடிடி போச்சு?" என்று அழுதாள். "தெரியல சித்தி" என்றேன். உனக்காக நான் பேசிய கடைசிப் பேச்சு அது. உன் மானத்தைக் காப்பாற்றினேனா, மறுபடியும் உன்னைத் தனியாக விட்டேனா, தெரியவில்லை.

சமூகப்பணி படித்து முடித்து, இப்போது அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆலோசகராக இருக்கிறேன். நான் பேசிச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். பஸ்ஸில் வரும்போதே கேள்வியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பெண்களிடமும் கேட்கிறேன். ஒருத்தரையும் விடுவதில்லை. "யாரப் பாத்து இன்னா கேக்குற நீ? எங்கூட்டு ஆம்பளையக் கேளு, அவன் குடிக்கிறது ரெண்டு பேருக்குப் போதும்!" என்று போன வாரம் ஒரு அம்மா எழுந்தே போய்விட்டார். எனக்கு முகம் சுட்டது. அடுத்தவரிடமும் கேட்டேன்.

இன்றைக்கு வந்தவருடன் மகள் வந்திருந்தாள். காலேஜ் ஐ.டி. கார்டு கழுத்தில் இருந்தது. வயிற்றெரிச்சல், காலையில் கை நடுக்கம். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். குடிப்பதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தபோதே, "அம்மாவுக்கு அதெல்லாம் இல்லீங்க" என்றாள். அவ்வளவு வேகம்.

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றேன்.

கதவு சாத்தியதும் மறுபடி கேட்டேன். அந்த அம்மா மேசைமேல் இருந்த ஓம வாட்டர் பாட்டிலைப் பார்த்தார். நான் அதைப் பார்ப்பதையும் பார்த்தார். "இது பெரியவளோட கொழந்தைக்கு. என்னுது வூட்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அம்மா, அது அதே சிரிப்பு. தமாஷுக்குச் சிரிப்பது இல்லை. பஸ்ஸில் வெகுநேரம் நின்று வந்தவருக்கு யாரோ நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டால் வருமே, அப்படி ஒரு சிரிப்பு. சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் கேட்டதை, இத்தனை வருஷம் கழித்து உள்ளே இருந்து கேட்டேன்.

எவ்வளவு, எப்போது, கடைசியாக எப்போது என்று கேட்டு எழுதினேன். தானாக ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம், டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்தலாம், நான் கூட வருகிறேன் என்றேன். அவர் டாக்டர் அறைக்குள் போனதும் மகள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, எங்கம்மா உள்ள இன்னா சிரிச்சாங்க?"

அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"அவங்களையே கேளு. ஒண்ணுமில்ல போன்னு சொல்வாங்க. வுட்ராத. இன்னொரு வாட்டி கேளு" என்றேன்.