விதைக்கென்று வைத்த கோதுமை

இன்று காலை பங்காருபேட்டை ஸ்டேஷன் வாசலில் ஒருவன் சூடான பன் விற்றுக்கொண்டிருந்தான். புளித்த மாவு வேகும் வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. வாங்கவில்லையடா. நீ போய் மூன்று மாதமாகிறது. நான் ரொட்டி தின்பதை நிறுத்தி ஐம்பது வருஷமாகிறது. ஏன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு பெங்களூர் பக்கம் கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. புதிதாய் வந்த குட்டை ரகம் மூட்டை மூட்டையாய் விளைந்தது, ஆனால் மாவு ரொட்டிக்கு ஆகவில்லை. இழுத்தால் பட்டென்று அறுந்தது. பசையுள்ள பழைய ரகத்தோடு அதைக் கலந்து, பிறந்த செடிகளை வருஷா வருஷம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது சிறு பைகளில் உன் பேக்கரிக்குக் கொண்டுவருவேன். நீ அரைத்துப் பிசைந்து, தண்ணீரில் கழுவி, கையில் மிஞ்சும் பசையை இழுத்துப் பார்ப்பாய். "இன்னாடா இது, மாவா, கஞ்சியா?" என்று என் மானத்தை வாங்குவாய்.

உனக்கும் அதில் ஒரு வெறி இருந்தது. உன் அப்பா தங்கச் சுரங்கத் தூசியை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு, சுரங்கக் கூலிகளுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீட்டில் படுத்திருந்தார். இரண்டு வாய் மென்றாலே மூச்சு வாங்கும். அவர் வாயில் கரைகிற மாதிரி ஒரு ரொட்டி சுட வேண்டும் என்பாய்.

சோதனைப் பைக்கு வெள்ளை நூல், விதைப் பைக்குச் சிவப்பு நூல். பண்ணையில் எலித் தொல்லை என்பதால் நல்ல விதையை நான் கூடவே தூக்கிக்கொண்டு திரிவேன். அந்த வாரம் சிவப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டுக்கும் வெள்ளையையே கட்டினேன். உன் கடைப் பலகையில் இரண்டையும் வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்கப் போனவன், விதைப் பையை எடுத்துக்கொள்ள மறந்தே போனேன்.

மறுநாள் வந்தபோது ரொட்டி வெந்து தயாராக இருந்தது. மாவு இழுக்க இழுக்க வந்ததென்று குதித்தாய். வீட்டுக்கு எடுத்துப் போனோம். உன் அப்பா மூன்று துண்டு தின்றார், நடுவில் மூச்சு வாங்க நிறுத்தவேயில்லை. நீ வாசல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாய். அப்போதுதான் விதைப் பை எங்கே என்று கேட்டேன்.

உன் முகம் வெளிறிவிட்டது. "செவப்பு நூல நான்தான்டா கவனிக்காம வுட்டுட்டேன். நூல அறுத்து அடுப்புல போட்டுட்டு ரெண்டு பையையும் சேத்தே அரைச்சுட்டேன்" என்றாய்.

கட்டாத நூலுக்கு நீ பழி ஏற்றுக்கொண்டாய். வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். அதிகாரிக்குக் கொடுத்த விளக்கத்திலும் பேக்கரிக்காரர் தவறுதலாக அரைத்துவிட்டார் என்றே எழுதினேன், பாவி.

அந்த ரொட்டியைத் தந்த செடியின் வழிவந்த விளைச்சல் மொத்தமே அந்த இரண்டு பைதான். அதே தாய் தகப்பனை மறுபடி சேர்த்துப் பார்த்தோம். பிள்ளைகள் பிறந்தன, அது பிறக்கவில்லை. உன்னிடம் இனி கோதுமை கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. உன் அப்பா அடுத்த மழைக்குள் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரத்தில் அந்த ரொட்டியைத்தான் கேட்டாராம். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் பெரிய மனுஷன் மாதிரி உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

உன் சாவுக்கு வந்தேன். புத்தர் படத்துக்கு முன்னால் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க உழைப்பெல்லாம் கெடுத்துட்டேன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லி அழுதாரு. அவர மன்னிச்சிடுங்க" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேனடா. இந்த வாயால் சொன்னேன்.