முதுகுவலி என்று நினைத்தது

அன்புள்ள ஒச்சம்மாளுக்கு, திருப்பூரிலிருந்து சீனிச்சாமி எழுதுவது. உன் மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் நீ அழுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

துணி ரோல் தூக்கித்தான் முதுகு வலிக்கிறது என்று பெல்ட் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்வந்தேன். ஸ்கேனில் வயிற்றுக்குப் பின்னால் ஒரு கட்டி. இருபது வருடத்துக்கு முன் விதைக்கொட்டையில் வந்து, வெட்டி எடுத்தோமே, அதே புற்றுநோய்தானாம்.

"அப்பக் குடுத்த மருந்துக்குச் சாகாத மூல செல்லு ஒண்ணு ரெண்டு தூங்கிட்டு இருந்திருக்கும்ங்க, இப்ப முழிச்சிருச்சுங்க" என்றார் டாக்டர்.

"இனி செக்கப்புக்கு வர வேண்டாம்னு அன்னிக்குச் சொன்னது உங்க ஆளுகதானே? இத்தனை வருசம் என்னைக் கேக்காமக் குடியிருந்திருக்கு. நீங்களே காலி பண்ணிக் குடுங்க" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் அடுத்த மாதம். பயப்படாதே. நம் மகன் முனீஸிடம் சொல்லாதே. சொந்தக்காரர் கையெழுத்து வேண்டுமாம். என் உடம்புக்கு நான் போட்டால் போதாதா என்று சண்டை போட்டும் ஒப்பவில்லை. அதற்காக மட்டும் வா. நைந்த வேட்டி இரண்டும், நீ போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்து வா. இங்கே சோறு இறங்கவில்லை.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. கையெழுத்துப் போட்டதும் நீ ஊருக்குப் போகலாம். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

சீனிச்சாமி