ஜன்னல் வைக்கக் கூடாத அறை

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன், அப்பாவைச் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

வியாழக்கிழமை நம் பின்னறையில் இருந்தவர்கள் அப்பா, நான், உன் அக்கா, மாப்பிள்ளை, கொத்தனார், புராதனக் கட்டட அலுவலகத்து அதிகாரி, ஆக ஆறு பேர். நாளை வேறு யாராவது வந்து பார்த்ததுபோலக் கதை சொன்னால் நம்பாதே. கல்குவாரித் துரை கட்டிய இந்த வீட்டைப் பங்காளிகள் இடித்துவிட்டுக் கடை கட்டலாம் என்றபோது அப்பாதான் மனுமேல் மனு போட்டு, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டயம் வாங்கினார். அதன்படி முன்னறைகள் பார்க்க வருகிறவர்களுக்கு, பின்னறை நமக்கு. ஜன்னலே இல்லாத அந்த அறையில் ஈரக்கல்லுக்கு நடுவே படுத்துப் படுத்து அவருக்கு இழுப்பு முற்றிவிட்டது, மாதம் முழுக்க வந்த மூச்சு மருந்து இப்போது பாதியிலேயே தீர்கிறது, வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியாதா. காற்று வேண்டும் என்றார் மருத்துவர். அதனால்தான் ஒரு சின்ன ஜன்னலுக்கு அனுமதி கேட்டு அதிகாரியை வரவழைத்தோம்.

எங்கே வைக்கலாம் என்று கொத்தனார் காரையைக் கொத்திப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் ஓர் இரும்பு வளையம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, இப்படி நான்கு. துரையின் தானிய அறை என்றுதானே இதுவரை சொல்லிவந்தோம். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, குவாரியிலேருந்து ஓடிப் பிடிபட்டவங்களைக் கட்டிப்போட்ட இடம்மா இது, பழைய பதிவுல இருக்கு, எந்த வீடுன்னுதான் தெரியாம இருந்துச்சு என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதே மூச்சில், இனிமே ஜன்னல் பேச்சே வேண்டாம், ஜன்னல் இல்லாததுதான் இந்த அறையோட சரித்திரம் என்றும் சொல்லிவிட்டார். கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டு, சரித்திரம் மூச்சு விடாது சார், பெரியவர் விடணுமே என்றார்.

சாமி படத்தை அங்கிருந்து எடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதானே உங்களுக்காக வேண்டினேன். அங்கே கிடந்தவர்களும் அவரவர் சாமியைக் கூப்பிட்டிருப்பார்கள், கேட்டதோ இல்லையோ.

அக்கா தன் வீட்டில் ஜன்னலோரம் கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். அப்பா அசையவில்லை. நானே கெஞ்சி வாங்குன பட்டயம், நானே விட்டு ஓடினா ஊர் சிரிக்காதாடி என்கிறார். மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு போகலாம் என்றார், இழுத்து இழுத்து மூச்சு விடுகிற மனிதரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தைரியமில்லை. மழை தொடங்குமுன் அந்த அறையை விட்டு அழைத்துப்போய்விடுங்கள், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். என் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்கு. நீ சொன்னால் முனகிக்கொண்டாவது கேட்பார். வீட்டைக் காப்பாற்றியது போதும், எனக்கு நீங்கள் வேண்டும் என்று உன் கைப்பட அவருக்கு எழுது.

குளிரில் காதை மூடாமல் திரியாதே. ஆண்டவன் உன்னைக் கண்ணிமைபோல் காக்கட்டும்.

உன் அம்மா

இங்கே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் பதில் போடு.