இசப்கோல் குடித்தது யார்

ஐப்பசி 9, செவ்வாய்

ஹெபடைடிஸ் முற்றிய ஈரல் இது. மலம் கட்டினால் மூளை குழம்பும் என்று டாக்டர் சொன்னதால் தினமும் இசப்கோல் குடிக்கிறேன். இன்று மத்தியானம் கலக்கப் போனால், தம்ளரின் அடியில் ஏற்கனவே இசப்கோல் கூழ் ஒட்டியிருந்தது.

“யாரும்மா குடிச்சது?” என்று மனைவியைக் கேட்டேன்.

“நீங்கதான். குடிச்சிட்டு தறியில உக்காந்தீங்க. கூப்பிட்டுக்கினே இருந்தேன், திரும்பவே இல்ல.”

நான் காலையிலிருந்து படுத்திருந்தேன்.

தறியைப் போய்ப் பார்த்தேன். புதிதாக நாலு விரல் அகலம் நெய்திருந்தது. சேலைக் கரையில் அன்னங்கள் அத்தனையும் தலைகீழ். இப்படி நான் நெய்ததேயில்லை. ஆனால் அறுந்த இழையில் விழுந்திருந்த முடிச்சு என்னுடையது.

சில நாளாக மலம் போகவில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது மேஜைக்கடியில் என் கால் தறி மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டே இருக்கிறது. நிறுத்தப் பார்க்கிறேன்.